அசனச் சாப்பாடு: ஒரு ஸ்டார் மட்டும் கொறைச்சிருக்கேன்

போன வாரம் மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு சின்ன சபையில அசனம், அதான் சர்ச்சுல எல்லாரும் பந்தியில உக்காந்து சாப்பிடுற விருந்து, சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால நானும் பந்தியில உக்காந்தாச்சு. ஊர் பேரு போடல, கொஞ்சம் குறையும் சொல்லணும்ல.

சாப்பாடு பத்தி என்ன சொல்ல, விறகடுப்புல வெந்த ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட சாம்பார், இலையில சோறு சூடா விழுந்ததும் பக்கத்துல இருந்த தாத்தா பேச்சையே நிறுத்திட்டாரு. ரசம் மட்டும் சுமார்.

ஆனா நான் எழுத வந்தது உக்கிராணத்தப் பத்தி, அதான் சமையல் சாமான் வைக்கிற ரூம். பள்ளிக்கூட ரூம் ஒண்ணப் பூட்டி அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அங்க வச்சிருந்தாங்க, சாவி ஒரு ரிட்டயர்ட் வாத்தியார்கிட்ட. சமையக்காரப் பையன் வந்து இன்னொரு டின் எண்ணெய் கேக்குறான், சார் நோட்டப் பாத்துட்டு "காலைல குடுத்தது தீந்துட்டாடே?"ங்கறாரு, பையன் தலையச் சொறியுறான், "பாதி கெடக்கு சார்", "அப்ப அதத் தீத்துட்டு வா". பிரசங்கத்துல உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனா இருக்கணும்னு 1 கொரிந்தியர் 4:2 எத்தன தடவ கேட்டிருப்பேன், ஏதோ அரமனை உத்தியோகம்னு நெனச்சிருந்தேன், இங்க அரிசி மூட்ட மேல உக்காந்து வேர்த்துக்கிட்டு இருக்காரு. மிச்சமான பருப்பு மூட்டையப் பிரிக்காம கடைக்கே திருப்பிட்டாங்க, சமையக்காரங்க கூலி பந்தி முடியும் முன்னாடியே கைக்கு வந்துட்டு.

இந்த ஏரியாவுக்கு இது ரத்தத்துலயே இருக்குபோல. ஆங்கிலிக்கன் சபைல பிஷப் ஆன முதல் இந்தியரு அசரியா இங்க பக்கத்துல வெள்ளாளன்விளைல 1874ல பொறந்தவருதான், அவரும் சேந்து 1903ல திருநெல்வேலில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்பவே வெளிநாட்டுப் பணத்த எதிர்பாக்காம நம்ம ஆளு, நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு நின்னாங்க. அதுக்கெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைக்கிற பழக்கம்தான் அஸ்திவாரம்னு சித்தி சொல்லுவா.

இப்ப குறை. ராத்திரி முழுக்க முழிச்சு வெங்காயம் உரிச்ச அக்காமாருங்க கடைசிப் பந்தியில உக்காந்தாங்க, குழம்பு வந்தது, கறி வரல. எண்ணெய் டின்னுக்குக் கணக்கு இருக்கு, இவங்களுக்கு எத்தன இலைன்னு அந்த நோட்டுல எங்கயும் இல்ல. முன்வரிசையில பெரிய மனுசங்களுக்கு மட்டும் வாட்டர் பாட்டில் வேற! ஒரு ஸ்டார் அதுக்குத்தான் போச்சு.

சித்தி சும்மா இருப்பாளா, நேரா உக்கிராண ரூமுக்குப் போயி "பெரியப்பா, இது நியாயமா?"ன்னு கேட்டுட்டா. அவரு மறுவார்த்த பேசல, நோட்ட எடுத்து அடுத்த வருசத்துப் பக்கத்துல மொத வரியா எழுதினாரு: வெங்காயம் உரிச்சவங்க, 14 இலை, முதல் பந்தி.

போறவங்க தூக்குவாளி கொண்டு போங்க, சாம்பார் கேட்டா குடுக்காங்க.