ஜெனீவாவா, வேல்ஸ் கோட்டையா?

பிள்ளையைப் பன்னாட்டுப் பள்ளிக்கு அனுப்ப யோசிப்பவர்களுக்கு இரண்டு இடங்கள். ஜெனீவாவின் 'எகோலின்ட்' பள்ளி 1924-இல் தொடங்கியது, அன்றைய உலக நாடுகள் சங்க ஊழியர்களின் பிள்ளைகளுக்காக. மழலை வகுப்பிலிருந்தே சேரலாம். ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரி வேறு ரகம். 1962-இல், கல்வியாளர் கர்ட் ஹானின் யோசனைப்படி, கடலோரப் பழங்கோட்டை ஒன்றில் ஆரம்பித்தார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ போல இரண்டே வருடம், விடுதி வாசம். ஒரே அறையில் பல நாட்டுப் பிள்ளைகள். பாடத்தோடு கடல் மீட்புப் பயிற்சியும் உண்டு. கெட்டியான அடிப்பாகம், சுற்றிலும் காற்றடைத்த குழாய் என இன்று உலகெங்கும் ஓடும் மீட்புப் படகு, 1960-களில் இங்கே மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான்!

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) என்ற பள்ளிப் படிப்பு இரண்டிலும் இருக்கிறது. குடும்பத்தோடு ஜெனீவா போகிறவர்களுக்கு எகோலின்ட் சரி. பிள்ளை தனியாகப் போவதென்றால் என் ஓட்டு கோட்டைக்குத்தான். அதற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தந்த நாட்டுக் குழு மூலம் விண்ணப்பித்தால் உதவித்தொகைக்கும் வாய்ப்புண்டு.