புழு வைத்த புண்: ஊசியா, எண்ணெய்க் கட்டா?

மழைக்காலம் முடியும் சமயத்தில் எங்கள் கறவைப் பசுவுக்குக் கொம்படியில் புழு வைத்துவிட்டது. பக்கத்து மாட்டோடு முட்டிக்கொண்டதில் வந்த சின்னக் காயம்தான். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டால் வேலை முடிந்தது என்றார்கள் சிலர். டர்பன்டைன் எண்ணெய் வைத்துப் புழுவை எடுத்துவிட்டு மூலிகை எண்ணெய் போட்டு வா என்றார்கள் சிலர். நாங்கள் எண்ணெய் வைத்தியம்தான் செய்தோம். கறவை மாட்டுக்கு இனி எப்போது வந்தாலும் அதையே செய்வேன்.

பினாயில், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டைப் பொடி இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். புழுவோடு சேர்ந்து சதையும் வெந்துபோகும்.

அழுகிய சதையைத் தின்னும் புழுக்கள் பல வகை உண்டு. மாட்டை உருக்குலைப்பது கிரைசோமியா பெசியானா என்ற ஈயின் புழு. அதற்கு உயிருள்ள சதைதான் உணவு. தாய் ஈ காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கும் மேல் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் அவை பொரித்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே விட்டுத் திருகாணி இறங்குவது போலச் சதையைக் குடைந்துகொண்டே போகும். மூச்சுவிடும் துளைகள் வால் பக்கம் இருப்பதால் வால் மட்டும் வெளியே தெரியும். சுமார் ஒரு வாரம் தின்று கொழுத்தபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு வாரம் பத்து நாளில் ஈயாகி வந்துவிடும். கொம்படி மட்டும் இல்லை, கன்றின் தொப்புள், கோமாரி வந்த குளம்பிடுக்கு, உண்ணி கடித்த இடம், ஈன்ற மாட்டின் பிறப்புறுப்பு எல்லாமே அதற்கு வாசல்தான்.

சரி, ஊசிக்கு வருவோம். நல்ல மருந்து என்பதில் சந்தேகமே இல்லை. ஐவர்மெக்டின் பிறக்கக் காரணமான கண்டுபிடிப்புக்காக ஒமுரா, கேம்பெல் என்ற விஞ்ஞானிகளுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. 1 சதவீத மருந்து என்றால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில் போட வேண்டும். இளம் புழுக்கள் நன்றாகச் சாகும். மருந்தின் வீரியம் உடம்பில் சில நாள் தங்குவதால் புதிதாகப் பொரிக்கும் புழுவும் பிழைக்காது. ஆனால் பாலை விற்கும், குடிக்கும் வீட்டில் கறவை மாட்டுக்கு இதைப் போடக் கூடாது. மருந்து கொழுப்பில் கரைவதால் பாலில் பல நாள் வந்துகொண்டிருக்கும், காய்ச்சினாலும் போகாது.

பால் கறக்காத மாடு என்றாலும் நான் யோசிப்பது வேறொரு விஷயத்தை வைத்து. ஊசி போட்டபின் புண்ணை யார் பார்ப்பது? நன்றாக வளர்ந்துவிட்ட பெரிய புழுவிடம் ஊசி அவ்வளவு எடுபடாது. செத்த புழுவும் தானாக வெளியே வராது, குழிக்குள்ளேயே அழுகும். அந்த வாடைக்கு வேறு ஈக்கள் வரும். ஆகவே ஊசி போட்டாலும் குழியைத் திறந்து, உள்ளே உள்ள ஒவ்வொரு பொந்தாகப் பார்த்து, புழுவை எடுத்து, கழுவி, மூடும்வரை தினமும் மருந்து போட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணெய் வைத்தியத்தில் இருக்கும் அத்தனை வேலையும் இதிலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஊசி போட்டும் புண் ஆறாத மாடுகளை விசாரித்தால், பெரும்பாலும் ஊசி போட்ட தைரியத்தில் யாரும் புண்ணைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். மாட்டை நன்றாகக் கட்டி, புண்ணைச் சுற்றி முடியை வெட்டினோம். டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழிக்குள் அடைத்துக் கொஞ்ச நேரம் விட்டோம். மூச்சு முட்டிப் புழுக்கள் பின்வாங்கி வந்தன. இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போட்டோம். தரையில் போட்டால் மண்ணுக்குள் இறங்கி அடுத்த தலைமுறை ஈயாகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. டர்பன்டைன் முதல் நாளோடு சரி. புதிதாக வளரும் சிவந்த சதையை அது எரித்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் புண் இருந்தால் ஒரு சொட்டுகூட வழியவிடக் கூடாது.

அப்புறம் எண்ணெய். தஞ்சாவூரில் கால்நடை மூலிகை மருத்துவத்தை வளர்த்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைக்க வேண்டும். டர்பன்டைன் கைவசம் இல்லாதவர்கள் முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதோ கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயோ வைக்கலாம். காலையும் மாலையும் கழுவி இந்த எண்ணெயைத் தடவி வந்தோம். குழி அடியிலிருந்து சதை பிடித்து மேலே வந்தது. பால் ஒரு வேளைகூட வீணாகவில்லை.

கடையில் விற்கும் மூலிகை ஸ்பிரேயும் நல்லதுதான். மேலோட்டமான புண்ணுக்கு வசதி. ஆழமான குழிக்குள் அது சரியாக இறங்குவதில்லை.

ஊசியே மேல் என்று நான் நினைக்கும் இடங்களும் உண்டு. மேய்ச்சல் காட்டில் விட்ட, தினமும் பிடிக்க முடியாத காளை. பல இடங்களில் புழு வைத்த, பால் வற்றிய மாடு. இவற்றுக்கு ஊசியும் கட்டும் சேர்ந்தே வேண்டும். கண், மடி, ஈன்ற மாட்டின் பிறப்புறுப்பு என்றால் கால்நடை அவசர உதவி எண்ணான 1962க்கு அழைத்து மருத்துவரை வரவழைப்பதே சரி.

செம்மறி ஆட்டின் மூக்குப் புழு எனக்கு அதிகம் பழக்கமில்லாதது. அந்த ஈ முட்டைக்குப் பதில் உயிருள்ள குஞ்சுப் புழுவை மூக்கில் விட்டுப் போகும், அது நெற்றிக் குழிவரை ஏறும். ஆடு தும்மிக்கொண்டும் சளி ஒழுகிக்கொண்டும் திரியும். அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை, ஐவர்மெக்டின்தான். குதிரை நான் வளர்த்ததில்லை. ஆனால் அதன் கதையும் இதேதான். முன்னங்கால் முடியில் ஈ ஒட்டும் மஞ்சள் முட்டைகளைக் குதிரை நக்கும்போது புழு வாய்க்குள் போய் இரைப்பைச் சுவரில் கொக்கி மாட்டிக்கொள்ளும். அதற்கு வாய்வழி ஐவர்மெக்டின் கொடுக்கிறார்கள். கூடவே முடியில் இருக்கும் முட்டைகளைச் சுரண்டி எடுக்கவும் வேண்டும்.