டிவோ பெட்டிக்கு வீடியோ அனுப்ப எது நல்லது: டிவோ டெஸ்க்டாப்பா, பைடிவோவா, ஸ்ட்ரீம்பேபியா?

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் பெட்டிதான் டிவோ. அந்த நிறுவனம் 2025-இல் பதிவுப்பெட்டி விற்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிவோவைத் தூக்கிப்போட மனம் வராது. கணினியில் இருக்கும் குடும்ப வீடியோக்களையும் அதிலேயே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

பின்பக்கம் யூஎஸ்பி துளை இருக்கிறதே, பென் டிரைவைச் செருகலாமே என்று தோன்றும். அது வேலைக்கு ஆகாது. அந்தத் துளை நெட்வொர்க் அடாப்டர் மாட்டுவதற்கானது. வீடியோ போக வேண்டுமானால் வீட்டு நெட்வொர்க் வழியாகத்தான்.

நிறுவனமே கொடுத்த மென்பொருள் டிவோ டெஸ்க்டாப். விண்டோஸில் நிறுவுவது சுலபம். எம்பெக்-2 என்ற வீடியோ வடிவக் கோப்புகளை இலவசப் பதிப்பே அனுப்பிவிடும். மற்ற வடிவங்களை மாற்றி அனுப்ப 24.95 டாலர் கொடுத்து பிளஸ் பதிப்பு வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பதிப்பு விற்பனையில் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தேடி அலைய வேண்டாம் என்பேன்.

என் தேர்வு பைடிவோ. பைத்தானில் எழுதப்பட்ட இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோ இருக்கும் ஃபோல்டரை அமைப்புக் கோப்பில் குறித்துவிட்டால், டிவோவின் நிகழ்ச்சிப் பட்டியலில் உங்கள் கணினியின் பெயரும் வந்துவிடும். ரிமோட்டால் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி தானே இழுத்துக்கொள்ளும். முழுதும் வந்து சேரக் காத்திருக்க வேண்டாம், நடுவிலேயே பார்க்கத் தொடங்கலாம்.

இதன் உண்மையான பலம் வடிவ மாற்றத்தில் இருக்கிறது. பெட்டிக்குப் புரியாத கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றி மென்பொருள் கொண்டு அனுப்பும்போதே மாற்றிவிடும். ஊரில் எடுத்த கல்யாண டிவிடியை நினைத்துப் பாருங்கள். அது இந்தியாவின் பால் (PAL) டிவி முறை: 576 வரிகள், நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கப் பெட்டி எதிர்பார்ப்பதோ அந்நாட்டின் என்டிஎஸ்சி (NTSC) முறை: 480 வரிகள், 29.97 ஃபிரேம். இதைக் கையால் மாற்றி, டிவிடி எரித்து, பிளேயரில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பைடிவோவின் அருமை தெரியும். கோப்பின் பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுதி வைத்தால் தலைப்பும் விவரமும் டிவியில் தெரியும். தொடர் பெயர் ஒன்றாக இருந்தால் பெட்டி அவற்றை ஒரே தொகுப்பாக அடுக்கிவிடும். பாட்டி கூட ரிமோட்டில் கண்டுபிடித்துவிடுவார்.

குறை இல்லாமல் இல்லை. அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தத் தயங்குபவர்களுக்கு முதல் நாள் கடினம். சீரீஸ்2 என்ற பழைய மாடல் பெட்டி என்றால் பரிமாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். அதில் ஹெச்டியும் கிடையாது. துணையுரை (சப்டைட்டில்) தனி எஸ்ஆர்டி கோப்பாக இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் படத்தின் மேலேயே பொறித்துவிட்டு அனுப்புவது நிம்மதி.

ஸ்ட்ரீம்பேபி வேறு வழியில் போகிறது. ஜாவாவில் எழுதப்பட்ட இது, வீடியோவைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு டிவோவுக்கு ஓடவிடும். பெட்டியின் டிஸ்க் நிரம்பாது. ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கப்போகும் வீடியோவுக்கு இதுவே போதும். ஆனால் படம் முடியும்வரை கணினி விழித்திருக்க வேண்டும். பைடிவோவில் கோப்பு ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் மடிக்கணினியை மூடி வைத்துவிடலாம். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கும் வீடியோவுக்கு அதுதான் சரி.

அப்புறம், முக்கியமான ஒன்று. 2017-இல் வந்த டிஇ4 என்ற புதிய முகப்புக்கு மாறிய ரோமியோ, போல்ட் மாடல் பெட்டிகளில் பட்டியலில் கணினி தெரிவதே நின்றுவிட்டது. பழைய டிஇ3-க்குத் திரும்பலாம், ஆனால் அப்போது பெட்டியிலுள்ள பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும். அழியவிட மனமில்லாதவர்கள், கணினியிலுள்ள வீடியோவை டிவியில் ஓடவிடும் பிளெக்ஸ் செயலி தங்கள் பெட்டியில் இருந்தால் அதன் வழியாகப் பார்க்கலாம். இன்னும் டிஇ3-இல் இருப்பவர்கள், திரையில் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டாலும் அசையாதீர்கள்.