எப்போதும் ஒரு மணி காட்டிய கார் கடிகாரம்

என் கார் 2013 மாடல். மீட்டர் கன்சோலில் ஒரு சின்ன டிஜிட்டல் கடிகாரம். முதல் சில வருடங்கள் மாதத்துக்கு ஒரு நிமிடம் போலப் பின்தங்கும், அவ்வளவுதான். நானும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கதை மாறியது. அலுவலகம் போய் வண்டியை நிறுத்தினால் 1:22 காட்டும். மாலை வீடு வந்தால் 1:35. "ஏங்க, உங்க காருக்கு மட்டும் எப்பவும் சாப்பாட்டு நேரமா?" என்றாள் மனைவி. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது காட்டியது மணியை அல்ல, நான் ஓட்டிய நிமிடங்களை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் 1:00-க்குப் போய் அங்கிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் கன்சோலையே மாற்றச் சொன்னார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனை எலக்ட்ரீஷியன் முதலில் ரூம் லைட்டைப் போட்டார். "லைட் எரியுது சார், அப்ப ஃபியூஸ் போகலை." என் வண்டியில் ரூம் லைட்டுக்கும் கடிகாரத்துக்கும் ஒரே ஃபியூஸ். மல்டிமீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. அதுவும் நன்றாகவே இருந்தது. மணியைச் சரியாக வைத்துவிட்டுச் சாவியை ஆன் வரை திருப்பினால் மாறவில்லை. செல்ஃப் அடித்த நொடியில் 1:00. பானெட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டார், லேசாக ஆடியது. அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்தத் தளர்ந்த பிடிப்பில் வோல்டேஜ் சரிந்து, கடிகாரம் ரீசெட் ஆகியிருக்கிறது. வெந்நீர், உப்புத்தாள், 10-ம் நம்பர் ஸ்பேனர், கொஞ்சம் வாசலின். இருபது நிமிட வேலை. நீங்களே செய்வதானால் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

அதன்பிறகு 1:00 தொல்லை இல்லை. ஆனால் பழைய பின்தங்கல் அப்படியே இருக்கிறது. செல்போனோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தேன். டிசம்பரில் மாதம் ஐம்பது நொடி. மே மாதம் ஒன்றரை நிமிடம். உள்ளே இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அது 25 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக ஓடும். சூடு ஏறினாலும் சரி, குளிர் ஏறினாலும் சரி, மெதுவாகிவிடும். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான், ஆனால் அது கையோடு ஒட்டி ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. நிழலில் நிறுத்திய மாதங்களில் கொஞ்சம் தேவலை.

இதற்காகக் கன்சோலைப் பிரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் காத்திருக்கும்போது, செல்போனில் நிமிடம் மாறும் நொடிக்காகப் பார்த்திருந்து, பேனா ரீஃபில் முனையால் கடிகாரத்தின் குழிப் பட்டனை அமுக்கி மணியைச் சரிசெய்வேன். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அந்த மாதம் இரண்டு நொடி பிசகும்.