பழைய கிடங்கு, புதிய அலுவலகம்: உப்புக்காற்றுக்கு எந்த வழி ஒத்துவரும்?

மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு, வளையல் தொழிலுக்காக வங்காளத்துக்குக் கப்பலேறிய காலத்தின் நினைவாக, கீழக்கரை போன்ற ஊர்களில் பழைய பண்டகசாலைகளும் கிடங்குகளும் இன்னும் சில எஞ்சியுள்ளன. பவளப்பாறையை வெட்டிய கல்லால் (பவளக்கல்) கட்டிய கனத்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனங்கட்டை மேல் ஓட்டுக்கூரை, வண்டியிலிருந்து மூட்டையை நேராகத் தள்ளும் உயரத்தில் தரை, கூரையை ஒட்டிச் சிறு காற்றுத்துளைகள் என்று இவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகமாக இப்படியொரு கட்டடத்தை மாற்ற நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டுவது ஒன்று. சுவரை வைத்துக்கொண்டு உட்புறம் முழுவதையும் பூசி மூடிக் குளிரூட்டுவது இன்னொன்று. கட்டடத்தைச் சுண்ணாம்பிலேயே பழுதுபார்த்து, குளிர்ச்சி தேவைப்படும் வேலைகளுக்கு மட்டும் உள்ளே ஒரு தனி அறையை நிறுத்துவது மூன்றாவது. பொதுவாக இவற்றைத் தோற்றத்தையும் செலவையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையைப் பொறுத்தவரை உப்பும் ஈரமும் சுவருக்குள் எப்படிப் போய்வருகின்றன என்பதிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இடித்துக் கட்டுவதில் உள்ள வசதி வெளிப்படையானது. செலவை ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்ளலாம். மின்தூக்கி, இரண்டு வெளியேறும் வழிகள், கழிப்பறைகள் எல்லாவற்றையும் வரைபடத்திலேயே சரியாக வைக்கலாம். ஆனால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கட்டுமானத்துக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்துள்ள கடற்கரைப் பகுதி) இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டால், இடித்த அளவுக்கே திரும்பக் கட்டும் உரிமை தானாக வந்துவிடாது. இந்த மண்டலத்துக்கான 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, நகர்ப்புறக் கடலோரத்தில் அனுமதி பெற்ற கட்டடங்களை மீண்டும் கட்டுவதற்கு இடம் தந்தாலும், நிலப் பயன்பாடு மாறக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் தருகிறது. கிடங்கை அலுவலகமாக்குவதோ பயன்பாட்டு மாற்றமாகக் கருதப்படலாம். ஆகவே கடப்பாரையைக் கையில் எடுக்கும் முன் எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.

கட்டிய பின்னும் கவலை தீராது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் (எண் கூடக் கூட வலிமை கூடும்) கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுகனமும் கேட்கிறது, கடல்நீர்த் திவலை நேராகப் படும் இடமென்றால் எம்35 தரமும் 50 மி.மீ. கனமும் வேண்டும். உள்ளூர் வீடுகளுக்குப் போடும் பழக்கத்திலேயே இதையும் போட்டால், உப்பு கம்பியை எட்டி, துரு ஊதி, தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கும். பாம்பனுக்கு அந்தப் பக்கம், 1964 டிசம்பர்ப் புயலில் கூரையிழந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் சிதைந்த நிலையிலும் நிற்கின்றன. துருப்பிடிக்க அவற்றில் கம்பி இல்லை.

உட்புறத்தை மூடிக் குளிரூட்டும் வழியைத்தான் வெளியூர் உள்ளலங்காரக்காரர்கள் அதிகம் விற்கிறார்கள். படத்தில் மிக நன்றாக இருக்கும். சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணம், ஜிப்சம் பொய்க்கூரை, தரைக்குப் பளபளக்கும் விட்ரிஃபைடு ஓடு. (பவளக்கல் சுவரை மறைத்து, அதன்மேல் செங்கல் போலத் தோன்றும் ஒட்டுப்பலகையைப் பதிக்கும் யோசனையும் உண்டு.) ஆனால் இந்தப் பழைய சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் மேலேறும். ஏறிய ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே காற்றில் உலரும். இவ்வளவு காலமும் கட்டடம் இப்படியே தாக்குப்பிடித்திருக்கிறது. தரையை மூடினால் அங்கே உலர வேண்டிய ஈரமும் சுவருக்கே திரும்புகிறது. சிமெண்டால் சுவரையும் மூடினால் அது இன்னும் மேலே ஏறி, தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படிகமாக விட்டுச்செல்கிறது. அந்தப் படிகம் வளரும் விசையில் கல்லே பொடியாகிறது. இதற்கு மேல் குளிரூட்டலும் சேர்ந்தால், வெளிக்காற்றின் ஈரம் உள்நோக்கி வந்து பொய்க்கூரைக்குப் பின்னால் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். பூஞ்சை வாடை வரும். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி உப்புக்காற்றில் அரிப்பது தனிச் செலவு. மூன்று வழிகளிலும் இதுவே மோசமானது என்று தயங்காமல் சொல்வேன். இடிப்பவராவது கட்டடத்தை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்.

மூன்றாம் வழி மெதுவானது. சதுர அடிக் கணக்கில் விலை பேசுவதும் கடினம். பழைய சிமெண்ட் ஒட்டுகளை முதலில் உரித்தெடுக்க வேண்டும். உப்பேறிய இடங்களில் ஈரக் களிமண்ணையோ காகிதக் கூழையோ அப்பி, உலரவிட்டு, உப்போடு சேர்த்து உரிப்பதைப் பலமுறை செய்ய வேண்டும். பிறகு நன்னீரில் கழுவிய ஆற்றுமணலோடு சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்க்கும் பழைய முறையை அறிந்த கொத்தனார் கிடைத்தால் நல்லது; கருப்பட்டிக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுண்ணாம்பு காயாது என்பதால் தை பிறந்த பின்பே பூச்சைத் தொடங்க வேண்டும். கல் பெயர்ந்த இடத்துக்குப் புதிய பவளக்கல் தேடவே கூடாது: பாறையமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதே கட்டடத்தில் உதிர்ந்த கல்லையோ செங்கல்லையோ கொண்டு அடைப்பதே வழி. விரிசலைத் தைக்கச் சாதாரணக் கம்பியைத் தவிர்த்து உப்பைத் தாங்கும் 316 வகைத் துருவுறா எஃகு போட வேண்டும்.

குளிர் அறை, பழைய சுவரைத் தொடாமல் தன் காலிலேயே நிற்க வேண்டும். கணினிச் சேமிப்பகமும் கூட்ட அறையும் அதற்குள் போகட்டும். மற்றவர்களுக்கு உயர்ந்த கூரையும் பெரிய மின்விசிறிகளும் ஆண்டின் பல மாதங்களில் போதும். சித்திரை, வைகாசியில் போதாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த அறையைச் சற்றுப் பெரிதாகவே திட்டமிடலாம். சாளரம் திறக்கும் திசை ஊருக்கு ஊர் மாறும். கீழக்கரைப் பக்கத்தில் தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று உப்பை அள்ளி வரும். பாக் விரிகுடாக் கரையிலுள்ள தொண்டிக்கு அந்தத் தொல்லையைத் தருவது வடகிழக்குப் பருவத்தின் வாடைக்காற்று. ஒன்றுக்கு வரைந்த திட்டத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

வேலைக்கு வருபவருக்கு இணக்கமான இடமாக மாற்றுவதில் முதல் இரண்டு வழிகள் எளிது. மூன்றாம் வழிக்கு உழைக்க வேண்டும். மூன்றடி உயரத் தரைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் வைத்தால் அதுவே 36 அடி நீளும்; வாசலில் இடமில்லாவிட்டால் பக்கச் சந்தில் திருப்பி அமைக்க வேண்டும். கழிப்பறையைப் பழைய சுவரோடு ஒட்டாமல் முற்றத்தில் தனியாகக் கட்டுவதே சுவருக்கு நல்லது. ஆனால் முற்றத்தில் கட்டும் அந்தச் சிறு கட்டுமானத்துக்கும் மேலே சொன்ன கடலோர அனுமதி வேண்டும், மழையில் நனையாமல் போய்வரக் கூரையிட்ட நடையும் வேண்டும். வெளிச்சத்துக்கு ஓடுகளிடையே கண்ணாடி ஓடுகளை வடசரிவில் பதித்தால் போதும். எதிரொலிதான் எதிர்பாராத தொல்லை: வெற்றுச் சுவர்களுக்கு நடுவே நான்கு பேர் தொலைபேசியில் பேசினால் ஐந்தாமவருக்கு வேலை ஓடாது. கூரைக்கடியில் கோரைப் பாய்களைத் தொங்கவிடுவது ஓரளவு உதவும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் வழி எல்லாக் கிடங்குக்கும் பொருந்தாது. நெல்லோ துணியோ இருந்த கட்டடம் வேறு. உப்பும் கருவாடும் காலங்காலமாக அடுக்கிய கட்டடம் வேறு. பின்னதன் சுவரில் உப்பு ஆழமாக ஊறியிருக்கும். பூச்சை, உப்பைத் தானே வாங்கிக்கொண்டு கல்லைக் காக்கும் தியாகப் பூச்சாகக் கருதிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துப் புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் எழுத முடியாதவர் அதை வாங்காமலிருப்பதே மேல். பழைய கான்கிரீட் ஐஸ் கம்பெனிக் கட்டடங்களோ இந்த ஒப்பீட்டிலேயே சேராதவை. அவற்றின் நோய் கம்பியில் இருப்பதால் சுண்ணாம்பு எதையும் குணப்படுத்தாது. கம்பி ஓடும் கோடுகளிலேயே தளம் வெடித்திருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு முதல் வழியைத் தேர்வதே சரி.