நிலையான நினைவுக்கூடமா, நடமாடும் அருங்காட்சியகமா?

உள்நாட்டுப் போரில் இழந்தவர்களை நினைவுகூர எது பொருந்தும்? சண்டை முழுதாக ஓயாத கொலம்பியாவில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம். ஒன்று, கிரானாடா ஊரில் 2009இல் திறந்த ‘இனி ஒருபோதும் வேண்டாம்’ கூடம். மற்றது, மோன்தெஸ் தெ மரியா பகுதியில் 2019இல் கிளம்பிய ‘எல் மொச்சுவேலோ’ நடமாடும் அருங்காட்சியகம். பாடும் பறவையொன்றின் பெயர் அது.

மக்களைப் பேச வைப்பது: கூடத்தில் சுவர் நிறைய இறந்தவர், காணாமற்போனவர் படங்கள்; உறவினர் அவர்களுக்கே எழுதும் நோட்டுகள். அரசை எதிர்த்த கெரில்லாக்களும், அவர்களை எதிர்த்த சட்டவிரோத துணைராணுவக் குழுக்களும் தாக்கிய ஊர். இரு தரப்பாலும் இழந்தவர்கள் ஒரே சுவர்முன் நிற்பதே பெரிய விஷயம்.
மொச்சுவேலோ ஊர்தேடி வரும். பயணிக்கப் பயப்படுபவரும் எட்டிப் பார்க்கலாம்.

செலவு: கூடத்துக்குப் பராமரிப்பு, மற்றதற்கு ஒவ்வொரு முறையும் வண்டி, பிரித்துக் கட்ட ஆட்கள்.

நிலைப்பு: சந்தேகமில்லாமல் கூடம்தான்.

ஒரே ஊரின் காயம் என்றால் கூடம். சிதறிய கிராமங்கள் என்றால் மொச்சுவேலோ வழி.