‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் திராவிடர்: டெல்டாவிலிருந்து ஒரு மதிப்புரை

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் உத்தி விளையாட்டுக்கு 2022-இல் வெளியான ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம், அதுவரை ஒரே நாகரிகமாக (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் தரப்பாக) இருந்த இந்தியாவைப் பிரித்து, தென்னாட்டவரைத் ‘திராவிடர்’ என்ற பெயரில் தனியே தந்திருக்கிறது. சோழர், பாண்டியர், சேரர் மூவரும் ஒரே கூரையின் கீழ் வருவது நெருடினாலும், இது வரவேற்க வேண்டிய மாற்றமே.

கடற்படை வடிவமைப்பு அருமை. ஆட்டத்தில் அடுத்த யுகத்திற்கு, அதாவது அடுத்த வளர்ச்சிக் கட்டத்திற்கு, முன்னேறும் ஒவ்வொரு முறையும் கட்டுமானப் பொருளான மரம் 200 அலகு கிடைப்பதால் துறைமுகமும் படகுகளும் விரைவில் எழுகின்றன. பிற்காலத்தில் திரிசடை என்னும் பெருங்கப்பல் அம்புமழை பொழிந்து எதிரியின் கரையை நெருங்கும்போது, நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் மெய்சிலிர்க்கும். குதிரைப்படையை வலுக்குறைவாக வைத்ததும் சரியே. தென்னாட்டு அரசர்கள் நல்ல குதிரைகளைக் கடல்வழியே விலைகொடுத்து வாங்கியவர்கள். உருமி என்னும் வளையும் வாளை ஏந்திய வீரர்களோ கேரளக் களரியையே நினைவூட்டுகிறார்கள்.

என் பெருங்குறை வேளாண்மையில்தான். இங்கே வயலை எந்தத் தரையிலும் 60 மரம் கொடுத்து அமைத்துவிடலாம்; ஆறு அருகில் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. கல்லணையும் வாய்க்கால்களும் விளைவித்த நெல்லே சோழப் படைக்குச் சோறிட்டது. ஆற்றங்கரை வயலுக்குக் கூடுதல் விளைச்சல் என்றொரு சிறு விதி போதும், இந்த நாகரிகம் முழுமை பெற்றிருக்கும்.

இராசேந்திரன் படையெடுப்புக் கதைப்பகுதிக்காகவே வாங்கலாம். கடலில்லா வரைபடங்களையே ஆடுபவர்கள் வேறு நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.